காக்கடூ நாட்டில்

ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் நகரிலிருந்து கிழக்கு நோக்கி, ஆர்னம் நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் ஜபிரு என்னும் சிற்றூரை அடையலாம். வழிநெடுக மனித வாசத்தின் அடையாளங்கள் சொற்பமே. நிழல் தருவதில் சிக்கனம் காட்டும் யூகலிப்டஸ் காடுகளும், ஆளுயரத்தையும் மிஞ்சி எழுந்த கறையான் புற்றுகளும், வெள்ளம் வடிந்தபின் பசுமை படர்ந்த சமவெளிகளும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். சாலை கடக்கும் ஆறுகளில் ஒன்றுக்குத் தெற்கு அலிகேட்டர் ஆறு என்று பெயர். அலிகேட்டர் என்பது வேறு கண்டங்களுக்குரிய முதலையினம். இந்த ஆற்றில் அது என்றைக்குமே வசித்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையை அளக்க வந்த ஃபிலிப் பார்க்கர் கிங் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, இங்குள்ள உவர்நீர் முதலைகளை அலிகேட்டர்கள் என்று கருதிச் சூட்டிய பெயர், அது பிழையென்று எல்லாருக்கும் விளங்கிய பின்னும் தேசப்படங்களில் உட்கார்ந்துவிட்டது.

இந்த நதிகள் பாயும் பிரதேசத்தில், ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குக் காக்கடூ தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. பூங்கா என்றதும் வேலியும் நுழைவாயிலும் பூஞ்செடிகளும் நினைவுக்கு வருவது நம் பழக்கதோஷம். இங்கே கிழக்கில் ஆர்னம் பீடபூமியின் செங்குத்தான மணற்பாறைச் சுவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு நிற்க, அதன் அடிவாரத்தில் காடும், காட்டுக்கு அப்பால் சதுப்புநிலமும், அதற்கும் அப்பால் அலையாத்தி மரங்களும் கடலுமாக நிலம் படிப்படியாகத் தாழ்ந்து செல்கிறது. 1979-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பிரதேசத்தின் பூர்வீக உரிமையாளர்கள், வடபகுதியில் பினிஞ் என்றும் தென்பகுதியில் முங்குய் என்றும் தம்மை அழைத்துக்கொள்ளும் ஆதிக்குடியினர். அவர்கள் தங்கள் நிலத்தை அரசாங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். பூங்காவின் நிர்வாகக் குழுவிலும் அவர்களே பெரும்பான்மையினர். ஆகவே, கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வரும் பிரயாணி, தான் அரசாங்கத்தின் பூமியில் அல்ல, இன்னொருவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்ற பிரக்ஞையுடன் நடந்துகொள்வது உத்தமம்.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் காக்கடூ 1981-இல் இடம்பெற்றது. 1987-இலும் 1992-இலும் அந்த எல்லை விரிவுபடுத்தப்பட்டது. இயற்கைச் சிறப்பு, பண்பாட்டுச் சிறப்பு ஆகிய இரண்டையும் முன்னிட்டு அங்கீகாரம் பெற்ற ஸ்தலங்கள் உலகில் மிகச் சிலவே. காக்கடூ அவற்றுள் ஒன்று. வழிகாட்டி நூல்களும் இதே வகுப்பைக் கைக்கொண்டு, அருவிகளையும் பறவைகளையும் ஓர் அத்தியாயத்திலும் பாறைச் சித்திரங்களை வேறோர் அத்தியாயத்திலும் வைத்திருக்கின்றன. காலையில் பண்பாடு, மாலையில் இயற்கை என்று நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு செல்வோருக்கு இது சௌகரியமான ஏற்பாடுதான். ஆனால் அந்நாட்டில் கொஞ்சம் சாவகாசமாகச் சுற்றுகிறவருக்கு, அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே கோடு கிழித்தவர் வெளியிலிருந்து வந்தவரே என்பது நாளடைவில் புலப்படாமல் போகாது.

முதலில் உபிர் என்னும் இடத்தைச் சொல்லவேண்டும். ஜபிருவுக்கு வடக்கே, கிழக்கு அலிகேட்டர் ஆற்றுக்கு அருகில், மழையும் காற்றும் அரித்துக் குடைந்த பாறைக் குன்றுகளின் கூட்டம் அது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை அந்தப் பாறைகளைச் சுற்றிச் செல்கிறது. முன்னே கவிந்து நிற்கும் பாறைகளின் அடியில், மழைநீர் எட்டாத சுவர்களில், காவியாலும் மஞ்சள் மண்ணாலும் வெண்களிமண்ணாலும் கரியாலும் தீட்டிய சித்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்திருக்கின்றன. பிரதான கூடத்தில் மீன்கள்தாம் அதிகம்: கெளுத்தி, மடவை, எல்லாவற்றுக்கும் மேலாக பாராமண்டி என்று அந்நாட்டார் கொண்டாடும் பெருமீன், அதாவது நம் கடற்கரைகளிலும் கழிமுகங்களிலும் கொடுவா என்று விலைபோகும் அதே மீன். நீண்ட கழுத்து ஆமை, உடும்பு, வாலபி என்னும் சிறு கங்காரு ஆகியவையும் உண்டு. விசேஷம் என்னவெனில், வெளித்தோற்றத்தோடு நிற்காமல், முதுகெலும்பு, குடல், கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது வரை உள்ளுறுப்புகளையும் தெளிவாகக் காட்டியிருப்பது. எக்ஸ்-ரே பாணி என்று நிபுணர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மீனை அறுத்துச் சுத்தம் செய்து பங்கிட்டு உண்டவன் கை வரைந்த படம் அது என்பதைப் பார்த்தமாத்திரத்தில் ஒரு சமையற்காரர் கண்டுகொள்வார்; கலா விமரிசகருக்குச் சற்று நேரம் பிடிக்கலாம்.

ஒரு சித்திரத்தின்மேல் இன்னொன்றையும், அதன்மேல் மற்றொன்றையும் தீட்டிக்கொண்டே போயிருக்கிறார்களே, முன்னோர் வரைந்ததை அழித்துவிட்டோமே என்ற விசனம் அவர்களுக்கு இல்லையா என்ற சந்தேகம் எனக்கு எழுந்தது. எங்களை அழைத்துச் சென்ற பினிஞ் வழிகாட்டி, நிதானமாகப் பேசும் நடுவயதினர், வரைந்த படத்தைக் காட்டிலும் வரையும் காரியமே பல சந்தர்ப்பங்களில் முக்கியம் என்று விளக்கினார். வாசலில் விடியற்காலை இட்ட கோலம் நண்பகலுக்குள் மிதிபட்டுக் கலைவதைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் எவரும் கண்ணீர் விடுவதில்லை. மறுநாள் காலையில் வேறொன்று இடுகிறார்கள். அந்த மனோபாவத்தோடு நெருங்கினால் உபிரின் சுவர்கள் நன்றாக விளங்கும். பொருட்காட்சிச் சாலையின் கண்ணோடு பார்த்தால் வர்ணக் குழப்பம்தான் தெரியும்.

வேறு சில படங்கள் நீதி போதிக்கின்றன. மாபுயு என்ற ஒருவன் தான் பிடித்த மீன்களைக் கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டு வருகையில், ஒரு திருடன் கயிற்றை அறுத்து மீன்களைக் கொண்டுபோய்விடுகிறான். மாபுயு சண்டைக்குப் போகவில்லை. இரவு அந்தத் திருடனின் குடும்பத்தார் திருட்டு மீனைச் சமைத்துத் தின்றுவிட்டுக் குகைக்குள் உறங்கும் வரையில் காத்திருந்து, ஒரு பெரும் பாறையைக் கொண்டு குகைவாயை அடைத்துவிடுகிறான். மறுநாள் எவரும் வெளியே வரவில்லை. திருட்டுக்குத் தண்டனை கொஞ்சம் அதிகமல்லவா என்று எங்கள் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் கேட்டதற்கு, வழிகாட்டி சிரித்தாரே தவிரத் தீர்ப்பைக் குறைக்கவில்லை.

உயரத்தில், மனிதன் ஏறி நின்று வரைய இயலாத கூரைப் பாகங்களிலும் சித்திரங்கள் தென்படுகின்றன. மீமி என்னும் மெலிந்த தேகமுடைய ஆவிகள், பாறையைக் கீழே இழுத்து, வரைந்து முடித்தபின் மறுபடியும் மேலே தள்ளிவிட்டன என்பது ஐதிகம். வேறோரிடத்தில் தைலசின் எனப்படும் வரிவிலங்கின் உருவம் மங்கலாக உள்ளது. அவ்விலங்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மறைந்து, டாஸ்மானியாத் தீவில் மட்டும் எஞ்சியிருந்து, கடைசியாக 1936-இல் ஹோபார்ட் நகர மிருகக்காட்சிச் சாலையில் இறந்தொழிந்தது. இன்னும் சற்றுத் தள்ளி, காற்சட்டைப் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு வாயில் சுங்கானுடன் நிற்கும் வெள்ளைக்காரர் ஒருவர்! எருமை வேட்டைக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவராக இருக்கவேண்டும். தான் உழைக்காமல் பிறரை ஏவிக்கொண்டு நிற்கும் அந்தத் தோரணையை நாலைந்து கோடுகளில் பிடித்துவிட்ட சித்திரக்காரனின் ஹாஸ்ய உணர்ச்சிக்கு நான் தலைவணங்குகிறேன்.

சித்திரங்களைப் பார்த்து முடித்தவர்கள் மாலையில் உபிரின் உச்சிக்கு ஏறுவது சம்பிரதாயம். ஏற்றம் கடினமல்ல. மேலே நின்றால், மூன்று பக்கமும் பாறைக் காடு சிதறிக் கிடக்க, எதிரே நாடாப் என்னும் வெள்ளச் சமவெளி மரகதத் தட்டுப்போல் அடிவானம் வரையில் பரந்திருக்கும். எல்லாரும் சூரியாஸ்தமனத்தைப் படம் பிடிப்பதில் முனைந்திருக்க, வழிகாட்டி மட்டும் சமவெளியைச் சுட்டிக்காட்டி, இதுதான் எங்கள் பண்டகசாலை என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் காலையில் கண்ட சுவர் எனக்கு வேறு விதமாக அர்த்தமாயிற்று. கீழே நீரிலும் நாணலிலும் உள்ள மீனும் ஆமையும் வாத்தும்தான் பின்னால் பாறையில் இருக்கின்றன. எது எப்போது கொழுக்கும், எது யாருக்கு உரியது, எதை எப்படிப் பங்கிடவேண்டும் என்பதெல்லாம் அந்தச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தச் சமவெளியே கூட நேற்றுப் பிறந்தது என்கிறார்கள் பூகர்ப்ப சாஸ்திரிகள். பனியுகத்தில் கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த காலத்தில் கடற்கரை இங்கிருந்து வெகுதூரம் வடக்கே இருந்தது. உபிர் உள்நாட்டுப் பாறையாக வறண்ட காட்டின் நடுவே நின்றது. பிறகு கடல் மெல்ல மெல்ல ஏறிவந்து, ஆறுகளின் பள்ளத்தாக்குகளை உப்புநீரால் நிரப்பி, அலையாத்திக் காடுகளை வளர்த்தது. வண்டல் படிந்து, நன்னீர்ச் சதுப்புகளும் அல்லியும் வாத்துக் கூட்டங்களும் தோன்றியது கடந்த ஈராயிரம் ஆண்டுக்குள்தான். இம்மாறுதல்கள் யாவும் பாறைகளில் பதிவாகியிருக்கின்றன: மிகப் பழைய அடுக்குகளில் நிலவிலங்குகள், பிறகு கொடுவாயும் மடவையும், அதற்கும் பிறகு வாத்தும் நன்னீர்ப் பண்டங்களும். மனிதர் பார்த்துக்கொண்டிருக்கையில் கடல் ஏறிவந்த கதையைப் பல நாடுகளில் புராணமாகக் கேட்கிறோம். இங்கே அது தினசரிக் குறிப்புப்போல் சுவரில் கிடக்கிறது. மஜெட்பேபே என்ற பாறைக் குகையில் கிடைத்த அரைகற்களையும், விளிம்பு தீட்டிய கற்கோடரிகளையும், காவிக் கட்டிகளையும் ஆராய்ந்தவர்கள், மனித வாசம் 65,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2017-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கை ஒப்பாத அறிஞர்களும் இருக்கிறார்கள். சில ஆயிரம் ஆண்டுகளைத் தள்ளுபடி செய்தாலும் வியப்பு குறையாது.

தெற்கே, கூயிண்டா என்னுமிடத்தில், மஞ்சள் நீர் என்று ஆங்கிலத்திலும் ஙுருங்குருஜ்பா என்று அந்நாட்டு மொழியிலும் பெயர்கொண்ட நீர்நிலையில் விடியற்காலைப் படகு விடுகிறார்கள். அங்கே கண்ட பறவைகளில் பாதி எனக்குப் பழைய சிநேகிதர்கள். ஜபிரு என்று அவர்கள் அழைக்கும் கருங்கழுத்து நாரையும், வெண்வயிற்றுக் கடற்கழுகும் இந்தியாவிலும் உள்ளவை. அல்லிகளுக்கிடையே செந்நிறத்தில் மலர்ந்திருந்ததும் நம் குளத்துத் தாமரையேதான். கரையில் வாயைப் பிளந்து வெயில் காய்ந்த உவர்நீர் முதலையும் வங்காள விரிகுடாக் கழிமுகங்களில் வாழும் இனமே. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழியும் தறுவாயிலிருந்த அவ்வினத்துக்கு, 1971-இல் அந்தப் பிராந்தியத்தில் வேட்டை தடைசெய்யப்பட்டதும் மறுவாழ்வு கிடைத்தது. இப்போது தண்ணீர் உள்ள இடமெங்கும் முதலை உண்டென்று கொள்வதே புத்திசாலித்தனம். எச்சரிக்கைப் பலகை இல்லாத கரையை அபயம் தரும் கரையென்று நினைப்பவர் அதிக நாள் பிரயாணம் செய்யமாட்டார். ஆசியாவிலிருந்து வந்த இன்னொரு பிராணியான எருமையின் சரித்திரம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் குடியேற்றக்காரர்கள் கொண்டுவந்து, பிறகு கைவிட்ட எருமைகள் காட்டெருமைகளாகப் பெருகி, சமவெளிகளை உழக்கி, கரைகளை உடைத்து, நன்னீரில் உப்புநீரைக் கலக்கவிட்டன. 1980-களில் அவற்றை ஆயிரக்கணக்கில் ஒழித்த பிறகே அல்லியும் தாமரையும் தலைதூக்கின.

பினிஞ் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்திருக்கிறார்கள். குஜூக் என்பது பெருமழைக் காலம். பங்கரெங், ஆளுயரப் புல்லைச் சாய்த்துப் போடும் புயற்காற்றின் காலம். யெக்கெ, வுர்கெங் இரண்டும் குளிர்ச்சியானவை. குருங் கொடும் வெயில். குனுமெலெங் இடிமுழக்கத்தோடு மழைக்கு ஏங்கும் புழுக்கக் காலம். யெக்கெ பிறந்ததும், புல் முழுவதும் காய்வதற்கு முன்னரே, சிறு சிறு பகுதிகளாகக் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது திகிலாக இருக்கும். ஆனால் ஈரம் உள்ளபோது தாழ எரியும் இந்த நெருப்பு மரங்களுக்குத் தீங்கு செய்யாமல், பின்னால் கோடையில் வரக்கூடிய பெருந்தீக்கு இரையில்லாமல் செய்துவிடுகிறது. ஒரு காலத்தில் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஏளனம் செய்த உத்தியோகஸ்தர்களின் வாரிசுகள், இன்று பினிஞ் மக்களோடு கூடவே தீப்பந்தம் ஏந்திச் செல்கிறார்கள்.

புருங்குய் என்ற பெரும்பாறை (தேசப்படங்களில் நூர்லாஞ்சி என்றும் குறிப்பார்கள்) ஜபிருவுக்குத் தெற்கே இருக்கிறது. அதன் அடியிலுள்ள அன்பாங்பாங் கூடத்தில், மின்னலின் அதிபதியான நமார்கோன் நிற்கிறான். தலையிலும் முழங்கைகளிலும் முழங்கால்களிலும் கற்கோடரிகள் முளைத்திருக்க, அவனைச் சூழ்ந்து ஒரு வளைவான கோடு செல்கிறது. அந்தக் கோடுதான் மின்னல். கோடரிகளால் மேகங்களைத் தாக்கி இடியை உண்டாக்குகிறவன் அவனே. குனுமெலெங் பருவத்தில், முதல் இடிகளோடு கூடவே, செம்மஞ்சளும் நீலமும் கலந்த உடலுடைய ஓர் அபூர்வ வெட்டுக்கிளி பாறைச் செடிகளில் காணப்படும். நமார்கோனின் குழந்தைகள் என்று பினிஞ் மக்கள் அவற்றை அழைக்கிறார்கள். 1845-இல் இவ்வழியே சென்ற லுட்விக் லைக்ஹார்ட் என்ற ஜெர்மானிய யாத்திரிகரின் பெயரை விஞ்ஞானிகள் அதே பூச்சிக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களில் எது மழை வருவதைத் தெரிவிக்கிறது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இந்தக் கூடத்திலுள்ள உருவங்கள் பல, பழங்காலத்தவை அல்ல. பட்மார்டி குலத்தைச் சேர்ந்த நயொம்போல்மி என்ற கைதேர்ந்த சித்திரக்காரர், 1964-ஆம் ஆண்டளவில், மங்கிப்போன பழைய உருவங்களுக்குமேல் இவற்றைத் தீட்டினார். சுற்றுலா வந்த ஒருவர் இதைக் கேட்டதும், அப்படியானால் இது அசல் அல்லவா என்று முகத்தைச் சுளித்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எத்தனையோ தலைமுறைகளாக இடையறாமல் ஒரு கை இன்னொரு கையிடம் கொடுத்த தூரிகை 1964 வரையில் உயிரோடிருந்தது என்றால், அதைவிட அசலானது வேறென்ன இருக்கமுடியும்?

பூங்காவின் தென்பகுதி ஜாவொய்ன் மக்களுடையது. அங்கே ஒரு பகுதியை நோய்நாடு என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பூலா என்னும் ஆதி சக்தி பூமிக்கடியில் உறங்குகிறது. தோண்டித் தொந்தரவு செய்தால் நோயும் நாசமும் பரவும் என்பது அவர்களுடைய விதி. 1950-களில் யுரேனியம் தேடிவந்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில்தான் அதைக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். உபிரிலும் ஒரு சித்திரம் உண்டு, கைகால் மூட்டுகள் வீங்கிய ஓர் உருவம்; ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஒரு புனித ஸ்தலத்தின் கற்களை அசைத்தவருக்கு வரும் வியாதியைக் குறிப்பது. இவற்றைக் கதிரியக்கத்தைப் பற்றிய முன்னறிவு என்று கட்டி எழுப்புவது எனக்குச் சம்மதமில்லை. அத்தகைய அவசரம் விஞ்ஞானத்துக்கும் நியாயமல்ல, அவர்களுடைய சமயத்துக்கும் நியாயமல்ல. ஆனால் நிலத்தைக் கூர்ந்து கவனித்த ஒரு சமூகம், எங்கே தங்கலாம், எங்கே தங்கக்கூடாது என்று விதித்த கட்டளைகளை மூடநம்பிக்கை என்று தள்ளியவர்கள் அவசரப்பட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. அதே தென்பகுதியில் குராத்பா என்ற குன்றைத் தோண்டும் யோசனையை, பூலாவின் பொருட்டு, 1991-இல் பிரதமர் பாப் ஹாக்கின் மந்திரிசபை நிராகரித்தது.

வடக்கே மிரார் மக்களின் போராட்டம் இன்னும் நீண்டது. ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம் அவர்களுடைய ஆட்சேபத்தைப் புறக்கணித்தே 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பமாகி, நான்கு தசாப்தங்கள் நடந்து, 2021-இல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு அருகில் ஜபிலுக்கா என்ற இடத்தில் இரண்டாவது சுரங்கம் திறக்க முற்பட்டபோது, மிரார் குலத்தின் மூத்த உரிமையாளரான இவோன் மார்கருலாவின் தலைமையில் 1998-இல் பெரும் மறியல் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து கூடினார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். மிரார் மக்களின் சம்மதமின்றி அங்கே தோண்டுவதில்லை என்ற ஒப்பந்தம் 2005-இல் ஏற்பட்டது. மேலே குறிப்பிட்ட மஜெட்பேபே குகை இருப்பது இந்த ஜபிலுக்கா நிலத்தில்தான்.

அருவிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டால் வழிகாட்டி நூல்கள் கோபித்துக்கொள்ளும். ஜிம் ஜிம் அருவி பீடபூமியின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது. பெருமழைக் காலத்தில், அது பூரண வேகத்தோடு பாயும்போது, சாலை வெள்ளத்தில் மூழ்கியிருக்கும், விமானத்திலிருந்துதான் பார்க்கவேண்டும். சாலை திறக்கும்போது அருவி மெலிந்துவிடும். குன்லோம் அருவியின் கதை வேறு. அதன் உச்சிக்குச் செல்லும் நடைபாதையை 2019-இல் பூங்கா நிர்வாகம், முறையான அனுமதி பெறாமல், ஆண்களின் சடங்குக்குரிய புனித ஸ்தலத்துக்கு அருகில் அமைத்துவிட்டது. ஜாவொய்ன் மக்கள் ஆட்சேபிக்க, அருவி மூடப்பட்டது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, புனித ஸ்தலங்களைக் காக்கும் சட்டம் மத்திய அரசின் அதிகாரியையும் கட்டுப்படுத்தும் என்று 2024-இல் தீர்ப்பாயிற்று. நீரோடும் பாறை என்று வந்தவர்கள் கண்ட இடத்தில், சட்டம் ஒரு கோயில் வாசலைக் கண்டது என்று இதற்குப் பொருள் சொல்லலாம்.

காக்கடூ செல்ல விரும்புவோர் மே முதல் ஆகஸ்டு வரையுள்ள மாதங்களைத் தேர்ந்துகொள்வது நலம். யெக்கெயும் வுர்கெங்கும் நம் தேகத்துக்கு ஒத்துக்கொள்ளும், சாலைகளும் பெரும்பாலும் திறந்திருக்கும். கிழக்கு அலிகேட்டர் ஆற்றைத் தாண்டி ஆர்னம் நிலத்துக்குள் செல்வதற்குத் தனி அனுமதிச் சீட்டு அவசியம். அதை வட நிலக் கழகத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறவேண்டும். முடிந்தவரை அந்நாட்டு வழிகாட்டியோடு செல்லுங்கள். அவர் ஒரு பாறையைக் காட்டி, இதைப் பற்றிச் சொல்வதற்கில்லை என்று நிறுத்தினால், மேலே கேள்வி கேட்காமலும் படமெடுக்காமலும் அவரோடு அடுத்த பாறைக்கு நடந்துவிடுங்கள்.